பல்லக்காவின் பத்து வருஷம்

அந்த லேப்பில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செய்கிற வேலை என்பது ஒரு காரணம். சிரித்தால் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும் என்பது இன்னொரு காரணம். புதிதாக வருகிறவர்கள் தயங்கித் தயங்கி, "உங்க பேர் என்னக்கா?" என்று கேட்டால், "அதைச் சொன்னா நீங்களே மறந்துருவீங்க, பல்லக்கான்னே கூப்பிடுங்க" என்பாள்.

குளியலறைச் சாமான்கள் விற்கிற கடை ஒன்றின் மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரை ஊற்றி, வாயைப் போலவே ஒரு மாதிரி செய்து, அதன் மேல் மெழுகில் பல்லைச் செதுக்கி, பிறகு உலோகம், பிறகு பீங்கான் என்று படிப்படியாகப் போகும் வேலை. மேசைகளும் அதே வரிசையில்தான் போட்டிருந்தன. கதவோரத்தில் பிளாஸ்டர் மேசை. ஈரமும் தூசியுமாக, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தலையில் மாவு கொட்டியது போல இருக்கும். கடைசியில் ஜன்னலோரத்தில் பீங்கான் மேசை. பல்லின் நிறம் பார்க்கச் சூரிய வெளிச்சம் வேண்டும் என்பதால் அந்த இடம். கதவிலிருந்து ஜன்னலுக்குப் போகப் போகச் சம்பளமும் ஏறும்.

பல்லக்கா இருபது வயதில் கதவோரத்தில் உட்கார்ந்தாள். முப்பது வயதில் ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டாள். முன்பல் என்றால் டாக்டர்கள் போன் போட்டு, "அந்த அம்மாகிட்டயே குடுங்க" என்று சொல்கிற அளவுக்குப் பேர் எடுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். குள்ளமாக, சுறுசுறுப்பாக, வாய் ஓயாமல் பேசுவாள். எல்லாருக்கும் அவள் சின்னவள். இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டுச் சாப்பிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பல்லக்காவுக்கு மகள் பிறந்தாள். மாசம் நிறையாமல் பிறந்த குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்ததால் சிட்டு என்றே பேர் நிலைத்துவிட்டது. நுரையீரல் தேறுகிற வரைக்கும் கூட்டத்தில் விடக்கூடாது, காப்பகத்தில் சேர்க்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன். கோபம் வந்தால்கூடச் சத்தம் வராது. இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். அவன் சம்பளம் அவளுடையதைவிடக் கொஞ்சம் அதிகம். கொஞ்சம்தான். ஆனால் தராசு சாய்வதற்குக் கொஞ்சம் போதும்.

"ஒரே வருஷம்தான். அப்புறம் போயிடலாம்" என்றான் அவன்.

"ஒரு வருஷம்தானே" என்றாள் அவளும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர் எழுந்து நின்றே பேசினார். "குழந்தையைப் பாரும்மா முதல்ல. உனக்கு இல்லாத இடமா இங்க?" அதைக் கேட்டு அவள் கண் கலங்கியது. வாய் வார்த்தை காற்றோடு போகும் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒரு வருஷம் மூன்று வருஷமானது. சிட்டு மூச்சிரைக்காமல் மாடிப்படி ஏறத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. இனி வேலைக்குப் போகலாம் என்று பல்லக்கா துணிமணிகளை எடுத்துத் தைத்துச் சரிசெய்துகொண்டிருந்த வாரத்தில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. இந்தத் தடவை மேசையில் உட்கார்ந்து யாரும் பேசக்கூட இல்லை. வீட்டில் இருக்கிறவள் இருக்கிறாள், அவளே இருக்கட்டும் என்று அது தானாக நடந்தது. அவளுக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

மாமனார் பஸ் டிப்போவில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஊராரைக் கேள்வி கேட்டே பழகிய வாய். பக்கவாதத்தில் முகத்தின் இடப்பக்கம் தொங்கிவிட்டது. அவருடைய பழைய பல் செட் வாயில் நிற்கவில்லை. பேச வாயெடுத்தால் நழுவி மடியில் விழும். இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை அவர் வாயே திறக்கவில்லை. பேச்சு வராமல் இல்லை, வெட்கம்தான் என்று பல்லக்காவுக்குப் புரிந்தது. பல் போனால் சொல் போச்சு என்பது சும்மா சொன்ன வார்த்தையா?

தெரிந்த டாக்டர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து அச்செடுக்கச் சொன்னாள். பழைய மெழுகுக் கத்தியைத் தேடி எடுத்தாள். சமையலறை மேசையில் ஒரு சின்ன பர்னரை வைத்துக்கொண்டு, சிட்டு பள்ளிக்கூடத்தில் இருக்கிற மத்தியான நேரங்களில் வேலை செய்தாள். தொங்கின கன்னத்துப் பக்கம் மட்டும் செட்டைக் கொஞ்சம் தடிமனாக்கினால் உதட்டைத் தாங்கிப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டாள். முதலில் போட்டுப் பார்த்ததில் மாமனாருக்கு ஓங்கரித்தது. அடுத்ததில் பேசும்போது விசில் அடித்தது. மெழுகிலேயே திரும்பத் திரும்பச் செதுக்கிச் சரிபார்த்த பிறகு, கடைசியாக ஒன்று நின்றது. மெழுகுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கை வார்த்து முடிக்கிற வேலையை மட்டும் சின்னவள் லேப்பில் செய்து கொடுத்தாள்.

செட்டை மாட்டிக்கொண்டு மாமனார் கண்ணாடி பார்த்தார். நாக்கை அங்கும் இங்கும் ஓட்டினார். பிறகு சொன்னார்: "மூணு நாளா சாப்பாட்டுல உப்பே இல்ல." அன்று ஆரம்பித்த புகார் ராத்திரிப் படுக்கப் போகிற வரைக்கும் ஓயவில்லை. மகன்காரன் சமையலறைக்கு வந்து, "ஏம்மா, அதைக் கொஞ்சம் லூசா செஞ்சிருக்கலாம் இல்ல?" என்று கிசுகிசுத்தான்.

இப்படியாக ஏழு வருஷம்.

மாமனார் கைத்தடியுடன் நடந்து, தனக்கு வேண்டிய டீயைத் தானே போட்டுக் குடிக்கிற அளவுக்குத் தேறிய பிறகு பல்லக்கா மறுபடி அந்த மூன்றாவது மாடி ஏறினாள். முதலாளிக்குச் சந்தோஷம்தான். நாற்காலி போடச் சொன்னார், சிட்டுவை விசாரித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணும்மா. எல்லாம் மாறிப்போச்சு. இப்ப மெழுகெல்லாம் யாரும் தொடறதில்ல. கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, மெஷின் கடைஞ்சு குடுத்துடுது. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லல. ஆனா புதுசா சேர்றவங்களுக்குக் குடுக்கறதைத்தான் குடுக்க முடியும். மூணு மாசம் போகட்டும், பாப்போம்."

அவள் சரி என்று தலையாட்டினாள். கூப்பிட்டு உட்கார வைத்ததே பெரிது என்றிருந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். பல்லே தொழிலாக இருந்தவள், அன்றைக்குப் பல்லைப் பார்க்காமல் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கதவோரத்து பிளாஸ்டர் மேசை. பக்கத்தில் இருபது வயதுப் பெண்கள் இரண்டு பேர். அவள் தலையிலும் அதே மாவு. ஜன்னலோரத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறை முளைத்திருந்தது. உள்ளே ஸ்கேனர், பெரிய திரைகள். அந்த அறைக்குப் பொறுப்பு சின்னவள். முதல் நாள் சின்னவள் கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்தவள், என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்துகொண்டாள். முதல் வாரம் முழுக்க அக்கா என்றும் கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்றே ஓட்டினாள்.

சனிக்கிழமை பல்லக்காவே கண்ணாடிக் கதவைத் தட்டினாள். "மேடம், உள்ள வரலாமா?"

"அக்கா, செருப்பால அடிங்க என்னை. மேடம்னு மட்டும் சொல்லாதீங்க."

"அப்ப சாப்பாட்டு நேரத்துல எனக்கு இந்தப் பெட்டியைச் சொல்லிக் குடு. அடிக்காம விடறேன்."

அன்றிலிருந்து மறுபடி ஒரே டிபன் பாக்ஸ், திரைக்கு முன்னால். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கையால் செதுக்கினபோது கடைவாய்ப் பல் ஒன்று கொண்டைக்கடலை அளவுதான். திரையில் அதுவே பூசணிக்காய் அளவுக்கு நின்று, விரலசைவுக்கு உருண்டு திரும்பியது. எந்த மேடு எந்தப் பள்ளத்தில் உட்காரும் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ள வெட்கப்படவும் இல்லை. "இவ்வளவு நாள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே பாதிக் கண்ணு போச்சு, இது முன்னாடியே வந்திருக்கக்கூடாதா?" என்றாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் கண்ணாடி அறைக்குள் அவளுக்கும் ஒரு திரை வந்துவிட்டது. மேசை மாறியது. சம்பளம் மாறவில்லை. மூன்று மாதத்தில் பார்ப்போம் என்றவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வருஷா வருஷம் ஊதிய உயர்வு வந்தது, எல்லாருக்கும் ஒரே விகிதத்தில். நியாயமாகத்தானே செய்கிறார் என்று பல்லக்கா நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது உயர்வு வந்த மாதம் ஒரு சாயங்காலம், டீ குடிக்கப் பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டுக்கு வந்த சின்னவள், டீயைத் தொடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முழுகாம இருக்கேன்."

பல்லக்கா சிரித்த சிரிப்பில் கீழே கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். ஆனால் சின்னவள் சிரிக்கவில்லை.

"சட்டப்படி குடுக்கற லீவு அப்புறம் ஒரு ரெண்டு வருஷம் வீட்ல இருக்கலாம்னு பார்க்கறேன். நீங்கதான் சொல்லணும். திரும்பி வந்தா என்னக்கா ஆகும்?"

"என்ன ஆகும். நான் வரலையா?"

"நீங்க வந்தீங்க. என்ன குடுக்கறாங்க உங்களுக்கு?"

இத்தனை வருஷப் பழக்கத்தில் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளாத ஒரே கேள்வி அது. வீட்டுச் சண்டை, உடம்பு, மாதவிலக்கு எல்லாம் பேசியிருக்கிறார்கள். சம்பளம் மட்டும் பேசினதில்லை. பல்லக்கா சொன்னாள். சின்னவள் தன்னுடையதைச் சொன்னாள். பாதிக்குக் கொஞ்சம்தான் கூட இருந்தது பல்லக்காவுடையது.



"சரி, நீ பொறுப்புல இருக்கே" என்றாள் பல்லக்கா. "ஏழு வருஷம் நான் இல்ல. அந்த ஏழு வருஷம் போச்சு, அது தெரிஞ்சதுதானே."

"அந்த ஏழு போகட்டும்கா. அதுக்கு முன்னாடி பத்து வருஷம் இருந்தீங்களே, அது எங்க போச்சு?"

பல்லக்காவுக்கு அது வரைக்கும் அப்படித் தோன்றவே இல்லை. இல்லாமல் இருந்த வருஷங்களுக்குச் சம்பளம் இல்லை என்பது சரி. ஆனால் இருந்த வருஷங்களையும் சேர்த்தல்லவா துடைத்துவிட்டார்கள். இருபது வயதில் உட்கார்ந்த அதே இடத்தில் முப்பத்தேழு வயதில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"அதோட நிக்கலக்கா" என்றாள் சின்னவள். கணக்கில் அவள் புலி. "வருஷா வருஷம் எல்லாருக்கும் ஒரே விகிதம்னு சந்தோஷப்படறோமே. பெரிய குடத்துல பத்துல ஒரு பங்கும் சின்னக் குடத்துல பத்துல ஒரு பங்கும் ஒண்ணா? இந்த வருஷம் உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளியோ, அடுத்த வருஷம் அதைவிட அதிகம். நீங்க விட்டது ஏழு வருஷம் இல்ல. ரிடையர் ஆகற வரைக்கும் விட்டுக்கிட்டேதான் இருப்பீங்க. ஓய்வு காலத்துக்குப் பிடிக்கறாங்களே, அதுவும் இதுலேர்ந்துதான்."

டீ ஆறிப்போயிருந்தது. பல்லக்கா அதைப் படிக்கட்டுச் சந்து வழியாகக் கீழே ஊற்றினாள். "நீ போகறதுக்கு முன்னாடி இதைப் பேசிடணும்டீ. உனக்கும் சேர்த்து."

மறுநாள் இரண்டு பேரும் முதலாளி அறைக்குள் போனார்கள். எத்தனையோ வாயைச் செய்த பல்லக்காவுக்கு வாய் எழும்பவில்லை. ஆனாலும் ஆரம்பித்தாள். பழைய பத்து வருஷத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும், இனி யார் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று சொன்னாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் தன்னைக் கெட்டவர் என்று சொல்கிறார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டால் அவருக்குக் காது அடைத்துவிடும். "நான் போகச் சொல்லலையேம்மா. நீயாத்தானே போனே. திரும்பி வந்தப்ப கதவைச் சாத்தினேனா?"

"இல்ல சார். ஆனா நீங்களும் ஒரு தடவை போயிட்டு வந்தீங்க. பைக்லேர்ந்து விழுந்து கால் ஒடிஞ்சு, பத்து மாசம் படுத்திருந்தீங்க. நாங்கதான் லேப்பை ஓட்டினோம். நீங்க திரும்பி வந்தப்ப கதவோரத்து மேசையிலயா உக்காந்தீங்க?"

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதலாளியின் முகம் சிவந்தது. "அது என் லேப்" என்றார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. ஒரு வாரம் அவர் கண்ணாடி அறைப் பக்கமே வரவில்லை.

பல்லக்கா வீட்டில் வந்து சொன்னபோது புருஷன் கவலைப்பட்டான். "இருக்கறதையும் கெடுத்துக்காதேம்மா. வயசு நாற்பதைத் தொடப்போகுது. யார் சேர்ப்பாங்க?"

மாமனார் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "கேட்டுத்தான் பாக்கட்டுமே. டிக்கெட் இருக்கறவனுக்கு என்ன பயம்?"

ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய பல் மருத்துவமனை இருந்தது. அவர்களே சொந்தமாக லேப் வைத்திருந்தார்கள். ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பல்லக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக இன்டர்வியூவுக்குப் போனாள். முதல் வேலை தெரிந்தவர் சொல்லிக் கிடைத்தது. இரண்டாவது பழைய இடத்துக்கே போனது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரே வாக்கியத்தை முணுமுணுத்துப் பழகினாள். "முன்னாடி பத்து வருஷம், இப்ப ரெண்டு வருஷம். மொத்தம் பன்னிரண்டு வருஷ அனுபவம்." பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

லேப் பொறுப்பாளர் நரைத்த தலையைக் கிராப்பாக வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். விண்ணப்பத்தை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவர், நடுவில் நின்றார். "இந்த ஏழு வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சும்மா வீட்ல இருந்தேங்க." வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நுரையீரல் பழுதான குழந்தையைத் தேற்றினது, பக்கவாதக்காரரை நடக்க வைத்தது, எல்லாவற்றுக்கும் சும்மா என்று ஒரு பேர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சும்மா இல்லைங்க. தப்பாச் சொல்லிட்டேன்." பிறகு சிட்டுவைப் பற்றிச் சொன்னாள். மாமனாரைப் பற்றிச் சொன்னாள். சமையலறை மேசையில் செய்த பல் செட்டைச் சொன்னபோது அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கன்னத்துப் பக்கம் எவ்வளவு தடிமன் வச்சீங்க? கடிக்கும்போது சாயலையா?"

"சாஞ்சுது. அப்புறம் எதிர்ப்பக்கம் கடைவாய்ல உயரத்தைக் குறைச்சேன்."

"அதைத்தான் நானும் செய்வேன்" என்றார் அவர். தன் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் தனக்கு அப்போது நேரமே கிடைக்கவில்லை என்று சொன்னார். பிறகு அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து ஒரு முன்பல் வரையச் சொன்னார். முடித்துவிட்டு எழுந்ததும், சம்பளம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

பஸ்ஸில் பழகின வாக்கியம் முழுசாக, தடுக்காமல் வந்தது.

அந்த இடத்தில் அனுபவ வருஷத்துக்குத் தகுந்த படிகள் என்று வைத்திருந்தார்கள். பன்னிரண்டையும் எண்ணினார்கள். நடுவில் விட்ட ஏழை எண்ணவில்லை. அவளோடு ஒரே வருஷம் தொழிலுக்கு வந்து, இடையில் விடாமல் இருந்த ஓர் ஆள் அங்கே இருந்தார்; அவர் ஏழு படி மேலே நின்றார். இனி எத்தனை வருஷம் ஓடினாலும் அந்த ஏழு படி அப்படியேதான் இருக்கும். பல்லக்கா அதைக் கண்ணால் பார்த்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய இடத்தில் இருந்த பள்ளம் வருஷா வருஷம் ஆழமாகிக்கொண்டே போனது. இது அப்படி இல்லை. "மலை உசரம்தான். ஆனா வளரலையே" என்று வீட்டில் வந்து சொன்னாள்.

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தபோது முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். "அதே சம்பளம் நானும் தர்றேன்" என்றார் கடைசியில். நேற்று வரைக்கும் இல்லாத காசு இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் கேட்கவில்லை.

"எனக்கு வேண்டாம் சார், அங்க சொல்லிட்டேன். ஆனா சின்னவ போறா. அவளும் இப்படியே திரும்பி வராம போயிட்டா உங்களுக்குத்தான் நஷ்டம். அவ போறதுக்கு முன்னாடி எழுதிக் குடுங்க. வாயால சொல்லாதீங்க."

முதலாளி கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஆனால் அடுத்த மாதம் சின்னவள் போன் செய்தாள். "அக்கா, கையெழுத்துப் போட்டுட்டார். விட்ட இடத்துலேர்ந்துன்னு எழுதியிருக்கு. 'உங்கக்கா இதைக் கேக்காம விடமாட்டா'ன்னு சொல்லிக்கிட்டே போட்டார்."

புது வேலையில் ஒரு வருஷம் ஓடியது. சிட்டு நீச்சல் பழகினாள். எந்தக் காப்பகத்திலும் விடமுடியாமல் இருந்த குழந்தை தண்ணீருக்கடியில் மூச்சடக்கிக் காட்டினாள். அப்போதுதான் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் ஆறு மாதத்துக்குக் கூட ஆள் வேண்டும் என்றார்கள்.

சாயங்காலம் புருஷனும் அவளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து அறையில் மாமனார் படுத்திருந்தார், கதவு திறந்திருந்தது. புருஷன், "அப்ப நீ..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான்.

இந்தத் தடவை பல்லக்கா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

அவர்கள் சம்பளம் இப்போது ஏறக்குறைய ஒன்று. முதல் தடவை கொஞ்சம் வித்தியாசம் இருந்தது, அவள் வேலையை விட்டாள். அவள் விட்டதால் வித்தியாசம் பெரிதானது. பெரிதானதால் இரண்டாம் தடவை கேள்வியே வரவில்லை. இப்போதுதான் தராசு எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. அதனால் பேச வேண்டியிருந்தது.

"நான் இருக்கேன்" என்றான் அவன், மேசையைப் பார்த்துக்கொண்டு. "எங்கப்பாதானே."

"நிஜமாவா சொல்றீங்க?"

"முதல் மூணு மாசம் நான். அப்புறம் எப்படி இருக்காருன்னு பாத்துட்டு, ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா லீவு போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு, லிஃப்ட் மெக்கானிக் வீட்ல உக்காந்துட்டான்னா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"லிஃப்ட் ரிப்பேர்னு சொல்வாங்க" என்றது பக்கத்து அறை.

பல்லக்கா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பிறகு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு ஆபீஸ்ல லீவு கேக்கும்போது, திரும்பி வந்தா இதே கிரேடு, இதே சம்பளம்னு எழுதி வாங்கிட்டு வாங்க. போன பிறகு கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்க. ஆள் வேணும்னு தவிக்கறப்பவே கேக்கணும்."

"அவங்க நல்லவங்கம்மா. வாயால சொன்னாலே..."

"எங்க முதலாளியும் நல்லவர்தாங்க."

அவன் எழுதி வாங்கிக்கொண்டு வந்தான். மேலதிகாரி முதலில் சிரித்தாராம், இவன் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து எழுதிக் கொடுத்தாராம். இவன் கேட்டதைப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட யோசித்துக்கொண்டிருந்த இன்னொரு மெக்கானிக்கும் போய்க் கேட்டானாம்.

முதல் திங்கட்கிழமை பல்லக்கா காலையில் கிளம்பும்போது, புருஷன் ஒரு கையில் அப்பாவின் மாத்திரை டப்பாவும் மறுகையில் சிட்டுவின் பள்ளிச் சட்டையுமாக நடு வீட்டில் நின்றான். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். பார்த்தால் போகமாட்டோம் என்று தெரியும்.

பத்து மணிக்கு லேப்பில் போன் அடித்தது.

"ஏம்மா, அப்பாவோட அந்த நீலப் போர்வையை எங்க வச்சே? பச்சை வேண்டாமாம். நீலம்தான் வேணுமாம்."

திரையில் ஒரு கோரைப் பல் பாதியில் நின்றுகொண்டிருந்தது. அலமாரியில் மேல்தட்டு, இடப்பக்கம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு யோசித்துப் பார்த்தாள்.

"தேடுங்க. எங்கயும் போயிருக்காது, வீட்லதான் இருக்கும்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோரைப் பல்லைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினாள்.